வாக்கிங்கில் நாய் பூச்சியைப் பிடித்துத் தின்கிறதா? எதற்குப் பயப்படணும், எதற்கு வேண்டாம்

ஐப்பசி பிறந்து முதல் நல்ல மழை பெய்த மறுநாள் சாயங்காலம், தெருவிளக்கு எரிய ஆரம்பித்ததுமே ஈசல் கிளம்பிவிடும். அன்றைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் வாக்கிங் நடக்காது, விளக்கடியை விட்டு அது நகராது, தரையில் ஊர்வதையும் நக்கும், பறப்பதையும் எம்பிப் பிடிக்கும். வேளச்சேரி, பள்ளிக்கரணை, தாம்பரம் பக்கம் காலி மனைகளும் புதரும் இன்னும் மிச்சமிருக்கிற தெருக்களில் கேட்கவே வேண்டாம்.

முதலில் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஈசலுக்குப் பயப்பட வேண்டாம். நம் ஊர்களில் மனிதர்களே ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்றிருக்கிறார்கள். நாய் வயிறு முட்டத் தின்றுவிட்டால் இறகு செரிக்காமல் ஒருமுறை வாந்தி எடுக்கலாம், மறுநாள் ஆய் கொஞ்சம் இளகலாம், அதோடு சரி.

பெரும்பாலான பூச்சி நாயின் வயிற்றுக்கு வெறும் புரதம்தான். வெளிநாட்டில் ஒருவகை ஈயின் புழுவை வளர்த்து அதிலேயே நாய்த் தீவனம் செய்து விற்கிறார்கள். ஆகவே 'பூச்சி தின்னலாமா' என்று கேட்பதில் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்தப் பூச்சி எதைத் தின்று வளர்ந்தது, எந்தச் சந்திலிருந்து வந்தது, மருந்து பட்டதா, கொட்டுமா, இதைத்தான் கேட்கணும். பண்ணையில் வளர்ந்த புழுவும் நம் தெருக் கால்வாயிலிருந்து ஏறி வந்த கரப்பானும் ஒன்றில்லை.

ஈ, வெட்டுக்கிளி, சில்வண்டு, விட்டில் இவற்றில் ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொண்டால் விட்டுவிடலாம். கொசுவைத் தின்றாலும் ஒன்றுமில்லை. கொசு நாயைக் கடித்தால்தான் வம்பு, இதயப்புழு அப்படித்தான் பரவுகிறது. தென்னை மரத்துக் காண்டாமிருக வண்டு மாதிரி பெரிய ஓட்டு வண்டுகளை மட்டும் சின்ன நாய்களுக்கு விட வேண்டாம், ஓடு தொண்டையிலோ குடலிலோ சிக்கலாம்.

சாணி வண்டு: இதைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை

என்னைக் கேட்டால் சென்னையில் நாய் வளர்க்கிறவர்கள் முதலில் அடையாளம் கண்டுவைத்துக்கொள்ள வேண்டியது இந்த வண்டைத்தான். கருப்பாக, உருண்டையாக, முன்னங்கால் ரம்பம் மாதிரி இருக்கும். மாட்டுச் சாணியிலும் தெருநாய்க் கழிவிலும் குடியிருக்கும், ராத்திரியில் விளக்குக்கும் வரும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் மாடு திரியாத தெரு எது சொல்லுங்கள்?

ஸ்பைரோசெர்கா லூபை என்று ஒரு புழு. பாதிக்கப்பட்ட நாயின் மலத்தில் அதன் முட்டை வெளியே வரும், அந்த மலத்தைத் தின்னும் வண்டுக்குள் முட்டை இளம்புழுவாக மாறும், அந்த வண்டை உங்கள் நாய் விழுங்கினால் புழு இரைப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக, இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனிக்குப் போய், அங்கே மூன்று மாதம் போல இருந்துவிட்டு, உணவுக்குழாய்க்கு வந்து கட்டி கட்டியாகக் கூடு கட்டும். நாய் சாப்பிட்டதை அப்படியே திருப்பிக் கக்கும், விழுங்கக் கஷ்டப்படும், எச்சில் வடியும், இளைக்கும். வண்டைத் தின்று பல மாதம் ஆகியிருக்கும் என்பதால் இரண்டையும் முடிச்சுப்போட யாருக்கும் தோன்றாது, 'வயசாகுது, செரிக்கல' என்றே நினைத்துக்கொள்வோம். அந்தக் கட்டி சில நாய்களுக்குப் புற்றாக மாறும், சில நாய்களுக்கு மகாதமனி வெடித்துத் திடீரென்று உயிர் போகும்.

இதில் இன்னொன்று. நாம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கிற வழக்கமான பூச்சி மாத்திரை உருண்டைப்புழு, கொக்கிப்புழு, நாடாப்புழுவைப் பார்த்துக்கொள்ளும். இந்தப் புழுவுக்கு அதை நம்ப முடியாது. இதற்கு வேறு மருந்து இருக்கிறது, அதை டாக்டர்தான் போடணும், ஏனென்றால் கோலி (Collie) மாதிரி சில நாய் இனங்களுக்கு அந்த வகை ஊசிகள் ஒத்துக்கொள்ளாது. ஆகவே உங்கள் நாய் வண்டு பொறுக்குகிற ரகம் என்றால் டாக்டரிடம் போகும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மலப் பரிசோதனையில் முட்டை பல சமயம் தட்டுப்படாது, எக்ஸ்ரேயும் உணவுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பதும்தான் கைகொடுக்கும். சென்னையில் இதற்கெல்லாம் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, 1903-ல் தொடங்கிய கல்லூரி அது.

வண்டைத் தின்ற பல்லி, எலி, மேய்ச்சல் கோழி இவற்றின் உடம்பிலும் அந்த இளம்புழு தங்கியிருக்கும். நாட்டுக்கோழி இறைச்சிக் கழிவைப் பச்சையாக நாய்க்குப் போடுகிறவர்கள் இதையும் யோசிக்கணும்.

கரப்பானும் சில வயிற்றுப்புழுக்களைச் சுமக்கும், ஆனால் அதைவிட அதன் மேல் அடித்த மருந்துதான் கவலை. செத்த கரப்பான் ஒன்றைத் தின்றதால் ஒரு லேப்ரடாருக்கு விஷம் ஏறுவது அபூர்வம். கரப்பானுக்குக் கோடு போடுகிற மருந்துச் சாக்பீஸையே கடித்தது, ஸ்ப்ரே அடித்த ஈரத்தை நக்கியது, தோட்டத்துக்கு வாங்கி வைத்த பூச்சிக்கொல்லியில் வாய் வைத்தது என்றால் கதை வேறு. எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், நடை தள்ளாடும். அப்போது அந்த டப்பாவையோ அட்டையையோ கையோடு டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே என்ன மருந்து என்று தெரிந்தால்தான் அவர் வேலை சுலபம். அபார்ட்மெண்டில் பெஸ்ட் கண்ட்ரோல் நடந்த நாளிலும் மாநகராட்சிக்காரர்கள் கொசுவுக்குப் புகை அடித்துவிட்டுப் போன பிறகும் வடிகால் ஓரம் மல்லாந்து கிடப்பதையெல்லாம் பொறுக்க விடாமல் இழுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். (வீட்டில் பூனையும் இருந்தால் இரண்டு மடங்கு உஷார். நாய் தாங்குகிற பல மருந்தைப் பூனை தாங்காது.)

தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் நாய் தன் உடம்பிலிருந்தே கடித்துத் தின்பவை. தெள்ளை விழுங்கினால் நாடாப்புழு வரும். ஆசனவாய் ஓரத்திலோ படுக்கையிலோ வெள்ளரி விதை மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால், சில நேரம் அது நெளியவும் செய்யும், அதுதான். மாத்திரையில் போய்விடும், ஆனால் தெள்ளை ஒழிக்காவிட்டால் திரும்ப வரும். உண்ணிக் காய்ச்சல் உண்ணி கடித்து வருகிறது என்பது எல்லோருக்கும் தெரியும், ஹெபடோசூன் என்கிற ஒட்டுண்ணிக் கிருமியால் வரும் நோய் மட்டும் நாய் உண்ணியைத் தின்பதால் வருகிறது. எடுத்த உண்ணியை நகத்தில் நசுக்கித் தரையில் போடாமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள்.

கொட்டுவதும் அரிப்பதும்

தேனீயை, குளவியைக் கவ்வினால் வாய்க்குள் கொட்டும். காலில் கொட்டினால் நொண்டும், வாயில் கொட்டினால் வீங்கும், தொண்டையில் கொட்டினால் மூச்சு அடைக்கும். உதடோ மூக்கோ மட்டும் வீங்கியிருந்தால் தேனீயின் கொடுக்கு தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் நகத்தாலோ ஏடிஎம் கார்டு விளிம்பாலோ சுரண்டி எடுங்கள், ஐஸைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள், முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள். அந்த நேரத்துக்குள் வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தாலோ ஈறு வெளுத்தாலோ ஒத்தடத்தை விட்டுவிட்டு வண்டியை எடுங்கள். பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்குக் காத்திருந்து பார்க்கிற வேலையே வேண்டாம். உயரமான அடுக்குமாடிகளின் சன்ஷேடில் மலைத்தேனீ கூடு தொங்கினால் அந்தப் பக்கமே வாக்கிங் வேண்டாம், கூட்டமாகக் கொட்டினால் எந்த நாயும் தாங்காது.

முருங்கை மரம் இருக்கிற வீடா? அடிமரத்தில் கும்பலாக அப்பியிருக்கும் கம்பளிப்பூச்சியை நாய் மோந்து பார்த்தாலே போதும், முடி மூக்கிலும் நாக்கிலும் குத்திக்கொள்ளும். அது முன்னங்காலால் முகத்தைப் பறாண்டும், எச்சில் நூலாக ஒழுகும். துணியால் துடைக்காதீர்கள், முடி இன்னும் உள்ளே இறங்கும். தண்ணீர் விட்டு அலசுங்கள். மூக்குத்தோலில் ஒட்டியதை செல்லோடேப் ஒட்டி உரிக்கலாம். நாக்கு தடித்தால் டாக்டர்.

மழைக்காலத்து மரவட்டை கடிக்காது, ஆனால் ஓரத்திலிருந்து ஒரு காரமான திரவத்தைக் கக்கும், நாய் நுரை தள்ளித் தானே துப்பிவிடும். கண்ணில் பட்டால் உடனே கழுவணும். பூரான், தேள் இரண்டும் விஷக்கடி, அதில் வீட்டு வைத்தியம் பார்க்க வேண்டாம். வெண்டை, செம்பருத்திப் பூவில் உட்கார்ந்திருக்கும் கருப்பும் ஆரஞ்சும் பட்டை பட்டையான வண்டு கொப்புளம் போடும், அதையும் தவிருங்கள்.

தேரை பூச்சி இல்லைதான், ஆனால் நாய் பூச்சிக்குப் போகும் அதே விளக்கடிக்குத் தேரையும் பூச்சி தின்னத்தான் வருகிறது. கவ்வினால் தோலிலிருந்து பால் மாதிரி விஷம் கசியும். நுரை தள்ளும், ஈறு செக்கச்செவேலென்று ஆகும். அதிகமானால் வலிப்பு வரும், நெஞ்சு படபடக்கும். ஈரத்துணியால் நாக்கையும் ஈறையும் திரும்பத் திரும்பத் துடைத்து, துணியை ஒவ்வொரு முறையும் அலசி, அப்படியே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

வாயைக் கழுவுவதும் ஈறு பார்ப்பதும்

நேராக வாய்க்குள் தண்ணீரை ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். தலையைக் கீழ்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, ஒரு பக்கக் கடைவாயில் மெல்ல ஊற்றி மறுபக்கம் வழிய விடுங்கள். ஈறு பார்ப்பதை நாய் நன்றாக இருக்கும்போதே பழகி வையுங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேல் ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து இரண்டு வினாடிக்குள் மறுபடி ரோஸ் ஆகணும். அதைவிட நேரம் எடுத்தாலோ முதலிலிருந்தே வெள்ளையாக இருந்தாலோ அவசரம். கருப்பு ஈறு உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்நிறம் பாருங்கள்.

உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். நம் வீட்டு வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள், ஐபுப்ரோஃபென் ஒன்றே நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அலர்ஜி மாத்திரைகூட எடையைச் சொல்லி டாக்டரிடம் போனில் கேட்டுத்தான். உங்கள் ஏரியாவில் ராத்திரி எந்த கிளினிக் திறந்திருக்கும் என்று இன்றைக்கே விசாரித்து நம்பரை போனில் போட்டுவையுங்கள்.

பொறுக்கும் பழக்கத்தை எப்படிக் குறைப்பது

வாயைப் பிளந்து பிடுங்கினால் அடுத்த முறை இன்னும் வேகமாக விழுங்கும், அதைத்தான் அது கற்றுக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே ஆரம்பியுங்கள். மூடிய கையில் ஒரு பிஸ்கட் துண்டு, நாய் நக்கும், பறாண்டும், நீங்கள் திறக்கவே கூடாது. அது மூக்கைப் பின்னால் இழுத்த அந்த நொடியில் 'விடு' என்று சொல்லி, மறு கையிலிருந்து அதைவிட ருசியானது ஒன்று, வேகவைத்த கோழித் துண்டு மாதிரி, கொடுங்கள். அப்புறம் தரையில், அப்புறம் மாடியில், அப்புறம்தான் தெருவில். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லணும், அப்பா 'விடு', பாட்டி 'சீ போ', பிள்ளை 'நோ' என்றால் அதுக்கு என்ன புரியும், பாவம்.

மழைக்காலத்தில் ராத்திரி வாக்கிங்குக்குக் கயிறு குட்டையாக இருக்கட்டும், விளக்கடியில் நின்று பக்கத்து வீட்டுக்காரரோடு பேச வேண்டாம். எவ்வளவு பழக்கியும் கேட்காத நாய்க்குக் கூடை மாதிரியான வாய்ப்பூட்டு போடலாம், அதில் மூச்சு விடும், தண்ணீர் குடிக்கும், வண்டு மட்டும் போகாது. உங்கள் நாய் போட்ட கழிவை நீங்களே அள்ளிவிட்டால் அந்தச் சாணி வண்டுக்குத் தீனியும் முட்டையும் கொஞ்சம் குறையும்.

ஒன்று விட்டுப்போச்சு. ஈயே இல்லாத இடத்தில் நாய் திரும்பத் திரும்ப ஈ பிடிக்கிற மாதிரி காற்றைக் கவ்வினால் அது விளையாட்டாக இருக்காது. ஒருவகை வலிப்பும் அப்படித்தான் தெரியும், வயிற்றுக் கோளாறிலும் அப்படிச் செய்யும். கிளினிக்கில் போய் நின்றால் செய்யவே செய்யாது, அதனால் வீட்டில் செய்யும்போதே வீடியோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.