வெள்ளையணு எண்ணிக்கையும் நாள்பட்ட நுரையீரல் நோயும்: ரத்த அறிக்கையைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூச்சிரைப்பும் இருமலும் விடாத ஒருவர் அம்பாசமுத்திரத்திலோ ஆலங்குளத்திலோ ரத்தம் கொடுத்து வாங்கிவரும் தாளில், வீட்டாரின் கண் முதலில் போய் நிற்பது ‘டோட்டல் கவுண்ட்’ என்ற வரியில்தான். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பதால், எண் அதைத் தாண்டினால் ‘கிருமி ஏறிவிட்டது’ என்றும், தாண்டாவிட்டால் ‘நெஞ்சில் ஒன்றும் இல்லை’ என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயைப் பொறுத்தவரை இந்த இரண்டு முடிவுகளையும் நம்ப முடியாது.

இந்நோயில் நுரையீரலைச் சிதைப்பவற்றுள் வெள்ளையணுவும் ஒன்று. பீடிப் புகையோ விறகடுப்புப் புகையோ ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும்போது, காற்றறைகளில் உள்ள மேக்ரோஃபேஜ் அணுக்கள் தூண்டப்பட்டு, ரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில் என்னும் வகை வெள்ளையணுக்களை வரவழைக்கின்றன. கிருமியைக் கொல்ல அவை வைத்திருக்கும் எலாஸ்டேஸ் என்னும் நொதி வெளியே கொட்டும்போது, காற்றறைச் சுவருக்கு மீள்தன்மை தரும் நார்ப்புரதமும் சேர்ந்து அரிக்கப்படுகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இந்த நொதியை அடக்கிவைக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு நுரையீரல் சீக்கிரமே சிதைந்துபோவதை ஸ்வீடனைச் சேர்ந்த லாரெல், எரிக்சன் இருவரும் 1963-இல் எடுத்துக்காட்டியது, இந்தத் தொடர்பைப் புரிந்துகொள்ள வழிவகுத்தது. ஆகவே ‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று விற்கப்படும் பொடியையும் லேகியத்தையும் இந்நோய்க்கென்று வாங்கிச் சாப்பிடுவதில் பொருளில்லை. புகைப்பவர்களுக்குத் தொற்று எதுவும் இல்லாமலே டோட்டல் கவுண்ட் சற்று உயர்ந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய குழப்பம் மருந்துக் கடையில் தொடங்குகிறது. “அண்ணாச்சி, இளைப்புக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க” என்று கேட்டு வாங்கும் காகிதப் பொட்டலத்தில், பெயர் தெரியாத ஒரு சின்ன மாத்திரை ஸ்டீராய்டாக இருப்பதுண்டு. நம் ரத்தத்திலுள்ள நியூட்ரோஃபில்களில் ஏறத்தாழப் பாதி, ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டிக்கொண்டு எண்ணிக்கையில் சேராமல் இருப்பவை. நுரையீரலின் நுண்குழாய்களிலும் அவை நிறையவே தங்கியிருக்கும். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்தில் அவை சுவரைவிட்டு ஓட்டத்தில் இறங்குகின்றன. எலும்பு மஜ்ஜையிலிருந்தும் புதியவை வந்து சேர்கின்றன. அதே மருந்து ஈசினோஃபில் என்னும் இன்னொரு வகை வெள்ளையணுக்களை ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவுக்குக் குறைத்துவிடுகிறது. மறுநாள் காலையில் எடுக்கும் ரத்தத்தில் டோட்டல் கவுண்ட் 15,000 என்றும் ஈசினோஃபில் 0 என்றும் வந்தால், மாத்திரை விவரம் தெரியாத மருத்துவருக்கு அது கடுமையான தொற்றுப் போலவே தோன்றும். அதற்கு ஆன்டிபயாடிக் எழுதப்படும். அதைவிட மோசமாக, தேவையான ஸ்டீராய்டு இன்ஹேலர் எழுதப்படாமலும் போகலாம். ஏனெனில் இந்நோய்க்கென்று உலக அளவில் மருத்துவர்கள் பின்பற்றும் கோல்டு (GOLD) வழிகாட்டி, நோய் அடிக்கடி முற்றுகிறவர்களுக்கு ஈசினோஃபில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்த இன்ஹேலரால் நல்ல பலன் இருக்கும் என்றும், 100-க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு, நிமோனியா ஆபத்தே மிகுதி என்றும் சொல்கிறது. செட் மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதும், மீதிப் பொட்டலம் இருந்தால் கையோடு கொண்டுபோவதும் அவசியம்.

ஈசினோஃபிலைச் சதவீதமாக மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. டோட்டல் கவுண்ட் 5,000 உள்ளவருக்கு 6 சதவீதம் என்றால் 300 அணுக்கள். 14,000 உள்ளவருக்கு 3 சதவீதம் என்றாலும் 420 அணுக்கள். ‘எனக்கு மூன்றுதானே’ என்று நிம்மதியடைபவரிடம்தான் உண்மையில் அதிகம் இருக்கிறது.

நம் பக்கத்தில் நாலு தும்மல் வந்தாலே ‘எனக்கு இஸ்னோபீலியா’ என்று சொல்லிக்கொள்வது வழக்கம். ஈசினோஃபில் கூடியிருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்; அது தனி நோயன்று. ஒவ்வாமை, ஆஸ்துமா, குடற்புழு, சில மருந்துகள் எனப் பல காரணங்களின் அடையாளம். அவற்றுள் ஒன்றைத் தவறவிடக் கூடாது. யானைக்கால் நோயை உண்டாக்கும் அதே புழுவுக்கு எதிராக உடல் அளவுக்கு மீறிப் பொங்குவதால், இரவில் வாட்டும் இருமலும் இளைப்பும் வந்து, ஈசினோஃபில் பெரும்பாலும் 3,000-ஐத் தாண்டும். காசநோய் போலத் தோன்றும் இந்நிலையை இந்தியாவில் பணியாற்றிய ஃப்ரிமோட்-மோலரும் பார்ட்டனும் 1940-இல் விவரித்தார்கள். டைஎத்தில்கார்பமஸின் மாத்திரையை மருத்துவர் சொல்லும் அளவில் மூன்று வாரம் போல் எடுத்தால் பெரும்பாலும் நன்கு கட்டுப்படும்; ஆஸ்துமா என்று கருதி ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டால் நுரையீரலில் தழும்பு விழுந்துவிடும். மாறாக, குடலில் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் புழு இருக்கும்போது அதைப் பார்க்காமல் ஸ்டீராய்டைத் தொடர்ந்தால், புழு உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆன்டிபயாடிக் வேண்டுமா என்பதற்கு டோட்டல் கவுண்டைவிடச் சளிதான் நல்ல சாட்சி. மூச்சிரைப்பு கூடி, சளியின் அளவும் கூடி, வெள்ளையாக வந்துகொண்டிருந்தது மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் மருத்துவர் அதைக் கணக்கில் எடுப்பார். அந்தப் பச்சை நிறமே நியூட்ரோஃபில்களில் உள்ள ஒரு நொதியின் நிறம்தான். துப்பிய சளியைப் பார்க்காமல் கழுவிவிடுகிறவர்கள் இந்தத் தகவலை இழக்கிறார்கள்.

கடைசியாக, எண் இயல்பாக இருப்பதை நம்பி ஏமாறுவது. பனங்காட்டு விடிலிக் குடிசையில் பதனீர் காய்ச்சியே காலம் கழித்த பெண்ணுக்கு, பீடியை வாயில் வைக்காவிட்டாலும் இந்நோய் வரலாம். அவருடைய டோட்டல் கவுண்ட் 7,000 என்றே இருக்கலாம். மூச்சுக்குழாய் அடைபட்டிருப்பதை ரத்தம் காட்டாது. ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதிப் பார்க்கும் சோதனைதான் காட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் நெஞ்சக நோய்ப் பிரிவில் இதைக் கேட்கலாம். காசநோயிலும் வெள்ளையணு பலருக்கு இயல்பாகவே இருக்கும் என்பதால், இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்கு, ரத்த அறிக்கை என்ன சொன்னாலும், அரசு மருத்துவமனையில் இலவசமாகச் செய்யப்படும் சளிப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.