கவிதையைக் காதில் வாங்குவது எப்படி?

யூடியூபில் 'தமிழ்க் கவிதை' என்று தட்டினால் என்ன வரும் என்பது உங்களுக்கே தெரியும். பின்னணியில் பியானோ, கொஞ்சம் மழைச் சத்தம், ஒவ்வொரு வரிக்கும் எக்கோ, நடுநடுவே ஒரு பெருமூச்சு. அதில் இரண்டைக் கேட்டுவிட்டு 'நமக்கும் கவிதைக்கும் ஒத்துவராது' என்று ஒதுங்கிப் போனவர்கள் நிறையப் பேர். கவிதையைக் குறை சொல்லி என்ன செய்ய, தேடிய விதம் அப்படி.

பொதுச் சொல்லைப் போட்டுத் தேடாதீர்கள், பாட்டின் முதலடியைப் போடுங்கள். 'கூற்றாயினவாறு' என்று தட்டினால் அப்பர் தேவாரம் வரும். கோயில் ஓதுவார் குரலில், கச்சேரிப் பாடகர் குரலில், போட்டிக்குப் பாடும் பிள்ளைகள் குரலில் என்று ஒரே பாட்டுக்குப் பல பதிவுகள் கிடைக்கும். இதில்தான் விஷயமே இருக்கிறது. நூறு கவிதையை ஒவ்வொரு தடவை கேட்பதைவிட ஒரே கவிதையை நாலு குரலில் கேட்பது மேல், ஏனென்றால் முதல் குரலில் கேட்கும்போது அந்தக் குரல்தான் கவிதை என்று நினைத்துக்கொள்வோம். இரண்டாவது ஆள் வேறு இடத்தில் மூச்சு விடும்போதுதான் எது பாட்டு, எது பாடுபவர் சேர்த்தது என்பது பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.

பக்கத்தில் மூலம் இருக்கட்டும். பழைய இலக்கியம் என்றால் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, 1998இலிருந்து நடக்கும் மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் பெரும்பாலானவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் தடவை மூலத்தைத் திறக்காமல் கேளுங்கள். புரியாத சொல் வந்தால் வரட்டும், ஓடட்டும். இரண்டாம் தடவை வரிகளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், மூன்றாம் தடவை மறுபடியும் மூடிவிடுங்கள். பாத்திரம் கழுவிக்கொண்டும் நடந்துகொண்டும் கேட்பதெல்லாம் நாலாம் தடவையிலிருந்து.

எதில் தொடங்குவது என்றால் குறளில் தொடங்கலாம். ஏற்கெனவே தெரியும் என்று நினைக்கிற ஒன்றுதான் காதைப் பழக்க வசதி. இதைப் பாருங்கள்:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு

பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தபோது 'யாகாவா' என்று நிறுத்தி 'ராயினும்' என்று எடுத்திருப்போம், அச்சில் சீர், அதாவது அடியின் ஒவ்வொரு துண்டும், அப்படித்தான் பிரிந்து நிற்கிறது. பொருளை நினைத்துச் சொல்பவர் 'யா காவார் ஆயினும் நா காக்க' என்று சொல்லி அங்கே நிறுத்துவார். அப்புறம் 'காவாக்கால்' என்று தொடங்கி, அடி முடிந்ததே என்று நிற்காமல், நேரே 'சோகாப்பர்' என்பதில் போய்ச் சேருவார். முதல் விதத்தில் குறளின் யாப்பான வெண்பாவின் நடை கேட்கும், இரண்டாம் விதத்தில் எச்சரிக்கை கேட்கும். நல்ல வாசிப்பாளர் என்றால் இரண்டையும் ஒரே மூச்சில் கொண்டுவந்துவிடுவார். ஆகவே ஒரு பதிவு தேறுமா என்று பார்க்க நேரமில்லை என்றால் அடி முடியும் இடத்தில் அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். எல்லா அடியிலும் ஒரே மாதிரி இழுத்து நிறுத்துகிறவரை விட்டுவிட்டு அடுத்தவரிடம் போகலாம்.

இன்னொரு சோதனை, 'துப்பார்க்குத் துப்பாய' குறள். அதன் கடைசியில் 'தூஉம் மழை' என்று வருகிறது இல்லையா, அந்த 'உ' அங்கே சும்மா உட்காரவில்லை. 'தூம்' என்று சுருக்கினால் சீரில் ஓர் அசை, அதாவது சீரின் ஓர் உறுப்பு, குறைந்துவிடும். பதிவு செய்தவர் அந்த அளபெடையை (ஓசைக்காக எழுத்து நீள்வதை) நீட்டுகிறாரா, விழுங்குகிறாரா என்று கேளுங்கள். விழுங்குகிறவர்கள்தான் அதிகம்.

வெண்பா காதில் ஏறியதும் அகவலுக்குப் போங்கள். இலக்கண நூல்களில் நாலு ஓசை சொல்வார்கள்: வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல். படித்தால் ஒரு மண்ணும் விளங்காது, கேட்டால் அரை மணி நேரத்தில் முதல் இரண்டும் பிடிபட்டுவிடும். சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் அகவலைப் போட்டுவிட்டு, பக்தியைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்து, அடிகள் ஒன்றன்மேல் ஒன்று நிற்காமல் ஏறிக்கொண்டே போவதை மட்டும் கேளுங்கள். சங்கப் பாட்டில் பெரும்பகுதி இந்த ஆசிரியப்பாதான், அதனால் இந்த நடை பழகிவிட்டால் குறுந்தொகை பாதி பயம் காட்டாது.

குறுந்தொகை என்றதும் பாட்காஸ்ட் ஞாபகம் வருகிறது. சங்க இலக்கியப் பாட்காஸ்ட்களில் ஒரு பொதுவான சிக்கல் உண்டு. பாட்டு ஐந்து அடி, சொல்ல அரை நிமிடம் போதும், நிகழ்ச்சியோ அரை மணி நேரம். வணக்கம், போன வாரம் பார்த்தது, திணை விளக்கம், தன் வாழ்க்கை அனுபவம், அப்புறம்தான் பாட்டு, அதுவும் ஒரே ஒரு தடவை, அவசரமாக. விளக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விளக்கத்தைக் கேட்பது வேறு, கவிதையைக் கேட்பது வேறு. பாட்டு எந்த நிமிடத்தில் வருகிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, பத்து விநாடி பின்னால் போகும் பொத்தானை அழுத்தி அழுத்தி அதை மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லி முடித்த பிறகு பாட்டை மறுபடி ஒரு தடவை முழுதாகச் சொல்கிற ஆள் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சந்தா போடலாம், அவருக்குக் கேட்பவர் கஷ்டம் தெரிந்திருக்கிறது.

தேவாரம், திருவாசகம் பக்கம் போனால் வாசிப்பு என்ற பேச்சே இல்லை, எல்லாம் பாட்டுதான். கூற்றாயினவாறு பதிகத்துக்குப் பண், அதாவது பழந்தமிழ் ராகம், கொல்லி, இன்று நவரோசு ராகத்தில் பாடுகிறார்கள். தோடுடைய செவியனுக்கு நட்டபாடை, அதாவது கம்பீரநாட்டை. ராகம் தெரியாவிட்டால் குடி முழுகிப்போகாது. தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: தாளம் போட்டுப் பாடுவது, தாளமில்லாமல் சுத்தாங்கமாகப் பாடுவது என்று ஓதுவார்களிடம் இரண்டு முறை உண்டு. சொல் தெளிவாகக் காதில் விழ வேண்டுமானால் சுத்தாங்கமாகப் பாடியதைத் தேடுங்கள். அப்பரின் திருத்தாண்டகம் என்ற வகைப் பாடல்களை அப்படித்தான் பாடுவார்கள், ஓதுவார் ஒவ்வொரு சொல்லையும் தனக்கு வேண்டிய அளவு நிறுத்திக் காட்டுவார். தருமபுரம் ப. சுவாமிநாதன் பாடிய பதிவுகள் எளிதாகக் கிடைக்கின்றன, அங்கிருந்து தொடங்கலாம். திருவாசகத்தை மரபாக மோகனத்தில் பாடுவார்கள். அதைக் கேட்டபின் 2005இல் இளையராஜா சிம்பொனி இசையோடு கொண்டுவந்ததில் 'பூவார் சென்னி மன்னன்' பகுதியைப் போட்டுப் பாருங்கள். எது உசத்தி என்று சண்டை போட அல்ல, அதே சொல் வேறு இடத்தில் கனக்கிறதா என்று பார்க்க.

பழைய கிராமபோன் பதிவுகள் கிடைத்தால் ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். நிமிடத்துக்கு 78 தடவை சுற்றும் அந்தத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். பாடியவர் அவசரப்பட்டது போலத் தோன்றினால், பாதியில் நின்றுபோனால், அது தட்டின் அளவு.

திருப்புகழில் தொல்லை வேறு. 'முத்தைத்தரு பத்தித் திருநகை' சந்தம் ஓடுகிற ஓட்டத்தில் சொல் எதுவும் கையில் நிற்காது. வேகத்தை 0.75க்குக் குறையுங்கள், இன்றைய செயலிகளில் சுருதி மாறாமலே வேகம் குறைகிறது. ஒரு தடவை சொற்களைப் பிடித்துவிட்டு மறுபடி பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள், ஏனென்றால் அந்த வேகத்துக்காக எழுதப்பட்டதுதான் அது. 1.5 வேகத்தில் பாட்காஸ்ட் கேட்டே பழகியவர்கள் தயவுசெய்து கவிதைக்கு முன் அந்த அமைப்பை மாற்றிவிட்டு வாருங்கள்.

கவியரங்கப் பதிவுகள் தனி ரகம். அவைத்தலைவருக்கு வணக்கம், விழாக் குழுவுக்கு வணக்கம் எல்லாவற்றையும் கூச்சமில்லாமல் தள்ளிவிடலாம். கவிஞர் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வார், அதைத் தள்ளாதீர்கள். முதல் தடவை கூட்டத்துக்கு எதிர்பார்ப்பைக் கிளப்பிவிட்டு, இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாக எடுத்து, கைதட்டு வருகிற இடத்தில் முடிச்சை அவிழ்ப்பார். கைதட்டும் அந்தக் கவிதையில் சேர்த்திதான். அச்சில் அதே வரி சப்பென்று கிடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பாரதியின் குரல் பதிவாகவில்லை, 1921இல் போய்விட்டார். அவர் பாடல்களை ஒலிபரப்பும் உரிமை நெடுநாள் தனியார் கையில் கிடந்தது, 1949இல் அரசு நாட்டுடைமையாக்கிய பிறகுதான் யார் வேண்டுமானாலும் பாடலாம் என்றானது. இப்போது அதனாலேயே எக்கச்சக்கமான மெட்டுகள். சினிமாவில் கேட்ட மெட்டு காதில் ஒட்டிக்கொண்டவர்கள் பாரதியின் வசன கவிதையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. 'இவ்வுலகம் இனியது. இதிலுள்ள வான் இனிமையுடைத்து. காற்றும் இனிது' என்று போகிற அதை யாரும் லேசில் மெட்டில் அடக்க முடியாது, ஆகவே வாசித்தே ஆக வேண்டும். சொற்பொழிவு மாதிரி முழங்குகிறவரை விட்டு, சாதாரணமாகப் பேசுகிற குரலில் சொல்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

புதுக்கவிதைக்கு என் கட்சி ஒன்றே ஒன்று: கவிஞரே வாசித்தது இருந்தால் அதுதான் முதலில். குரல் கரகரப்பாக இருக்கலாம், தாள் புரளும் சத்தம் கேட்கலாம், நடுவில் இருமலாம். வானொலி அறிவிப்பாளர் எல்லாச் சொல்லுக்கும் தேன் தடவித் தருவதைவிட அது எவ்வளவோ மேல். வரி உடையும் இடம் காதுக்குத் தெரியாது என்பதால் புத்தகத்தை விரித்துவைத்து, அவர் எங்கே நிறுத்துகிறார் என்று பென்சிலால் கோடு போட்டுப் பாருங்கள். பல பேர் தாங்கள் உடைத்த வரியைத் தாங்களே மதிக்காமல் தாண்டிப் போவார்கள்! அதுவும் ஒரு தகவல்தான். ஆங்கிலக் கவிதை கேட்பவர்களுக்கு ஒரு சிபாரிசு: அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1930களில் பிபிசிக்காக வாசித்த பதிவு. உரைநடை போல வாசிக்க மாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டு ஏறக்குறைய ஓதுகிறார். நம் ஊர் ஆட்களுக்கு அது அன்னியமாகவே படாது.

சரி, கருவி விஷயம். முதல் தடவைக்கு இயர்போன், வீட்டில் எல்லாரும் கேட்க ஸ்பீக்கர், இதற்குமேல் செலவு வேண்டாம். தானாக அடுத்ததை ஓட்டும் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள், ஒரு பாட்டு முடிந்தபின் கொஞ்சம் மௌனம் வேண்டும். முடிந்தால் தரவிறக்கி வைத்துக் கேளுங்கள். நான் பயன்படுத்திய ஒரு செயலியில் அப்பர் 'ஆற்றேன் அடியேன்' என்று கதறுகிற இடத்தில் சாம்பார்ப் பொடி விளம்பரம் குதித்தது. யூடியூப் பட்டியலில் போட்டுவைத்தது ஒருநாள் காணாமலும் போகும். காப்புரிமை முடிந்த நூல்களை வாசிப்பவர்கள் லிப்ரிவாக்ஸ் என்ற இலவச ஒலிநூல் தளத்தில் ஏற்றுகிறார்கள், தமிழிலும் கொஞ்சம் உண்டு, அவற்றைத் தாராளமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

வாரத்துக்கு ஒரு பாட்டு போதும். வாரக் கடைசியில் அதை நீங்களே உரக்கச் சொல்லி போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள், சொந்தக் குரலைக் கேட்கும் கூச்சம் இரண்டு மூன்று தடவையில் போய்விடும். எந்த இடத்தில் பொருள் தெரியாமல் ஓடினோம் என்பது அதில் அப்பட்டமாகத் தெரியும். வீட்டில் தாலாட்டோ ஒப்பாரியோ தெரிந்த பாட்டி இருந்தால் அதையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனைக் கொஞ்சம் அருகில் வைத்து. சேமிக்கும்போது கோப்புக்கு முதலடியையும் பாடியவர் பெயரையும் தேதியையும் போடுங்கள். 'புதிய பதிவு 43' என்று கிடந்தால் அடுத்த வருடம் உங்களாலேயே அதைக் கண்டுபிடிக்க முடியாது.