நிலவை மறந்த கொலை: சிறுகதையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் எதிர்சேவை இரவு, கள்ளழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கும் இரவு. தல்லாகுளத்தில் தள்ளுமுள்ளு. பக்கத்துச் சந்தின் கும்மிருட்டில் ஒருவன் யாரையோ குத்திவிட்டு ஓடுகிறான். மாதம் ஒருமுறை புதூரில் ஒரு மொட்டைமாடியில் கூடிக் கதை வாசிக்கும் எங்களில் ஒருவர் எழுதிய மர்மக் கதை இப்படித் தொடங்கியது. முதல் பக்கம் முடிவதற்குள் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டுவிட்டார்: "தம்பி, அழகர் ஆற்றில் இறங்குவது சித்ரா பௌர்ணமிக்கு. முந்தின ராத்திரி உங்கள் சந்தில் மட்டும் நிலா எங்கே போயிற்று?"

குத்துப்பட்டவருக்கு முன்பே கதை செத்துவிட்டது.

மர்மக் கதை, அறிவியல் புனைகதை, மாயக் கதை ஆகியவற்றுக்குக் கற்பனை இருந்தால் போதும் என்று நினைத்துத்தான் பலரும் எழுத வருகிறார்கள். கற்பனைப் பஞ்சத்தால் கெட்ட கதையை நான் பார்த்ததில்லை. கணக்கு உதைத்துக் கெட்ட கதைகள் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. ஒரே ஒரு பொய்யை நம்பச் சொல்லி வாசகரிடம் கடன் வாங்கலாம். மிச்சம் எல்லாவற்றுக்கும் ரசீது காட்ட வேண்டும்.

மர்மக் கதையில் பெரிய மோசடி, துப்பைப் பதுக்குவது. கடைசிப் பக்கத்தில் துப்பறிகிறவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பித்தானை எடுத்து, "இதை அன்றைக்கே பார்த்துவிட்டேன்" என்பார். அவர் பார்த்தார் சரி, நமக்கு யார் காட்டினார்கள்? ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகளை 1929இல் வகுத்தார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே தலைகாட்டிவிட வேண்டும், துப்பறிகிறவர் கண்ட தடயம் வாசகர் கண்ணிலும் பட வேண்டும், முன்னேற்பாடு இல்லாமல் இரட்டையர்களை இறக்கக் கூடாது என்பவை அவற்றில் சில. கடைசியாகச் சொன்னதை நானே மீறியிருக்கிறேன். இறுதிப் பத்தியில் ஓர் இரட்டைத் தம்பியைக் கொண்டுவந்து ஒரு வார இதழுக்கு அனுப்பினேன். போன சுருக்கில் திரும்பி வந்தது. அப்போது கோபம் வந்தது, இப்போது வெட்கம்தான் வருகிறது.

கோனன் டாயில் 1892இல் வெளியிட்ட பந்தயக் குதிரைக் கதையில், லாயத்தில் நாய் இருந்ததும் மேலே பையன்கள் தூங்கிக்கொண்டிருந்ததும் மறைக்கப்படவே இல்லை. நாய் குரைத்திருந்தால் நாம் கவனித்திருப்போம். குரைக்காததை ஷெர்லாக் ஹோம்ஸ் மட்டும் கவனிக்கிறார்: வந்தவன் நாய்க்குப் பழக்கமானவன்.

குற்றவாளியை மறைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். நம் ஊர் வழக்கு ஒன்று இருக்கிறதே. சிலப்பதிகாரத்தில் கோப்பெருந்தேவியின் சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன் என்பது கோவலன் வெட்டுப்படுவதற்கு முன்பே நமக்குத் தெரியும். அவன் மனத்துக்குள் போட்ட திட்டத்தையே இளங்கோ சொல்லிவிடுகிறார். அரசனுக்குத்தான் தெரியாது. கோவலன் மனைவி கண்ணகி எப்படி நிரூபிக்கப் போகிறாள் என்பதுதான் முடிச்சு. என் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பில் முத்துப் பரல் என்கிறான் பாண்டியன். உடைக்கிறாள். "மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே." நான்கே சொல்லில் வழக்கு முடிந்தது. இதே இடத்தில் நம்மவர்கள் இன்ஸ்பெக்டரை நாற்காலி போட்டு உட்காரவைத்து இரண்டு பக்கம் பேசவிடுவார்கள்.

மாயக் கதையில் நடக்கும் தவறு வேறு மாதிரி: மாயம் இலவசமாகக் கிடைக்கிறது. மந்திரவாதி கையை ஆட்டினால் வேலை முடிந்தது, யாருக்கும் நஷ்டம் இல்லை. நரியைப் பரியாக்கிய திருவிளையாடலைப் பாருங்கள். குதிரைகளாக வந்தவை இரவில் மறுபடி நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. அதனால், அரசனுக்குக் குதிரை வாங்கித் தர வேண்டிய அமைச்சர் வாதவூரர் (மாணிக்கவாசகர்) வைகை மணலில் வெயிலில் நிற்கிறார். அதனால் வைகை பெருகுகிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும் என்பது உத்தரவு. ஆள் இல்லாத வந்திக்கிழவிக்காகச் சிவனே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் திரிந்து, பிரம்படி வாங்குகிறார். அந்த அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது. ஆவணியில் புட்டுத்தோப்பில் இன்றும் அந்தத் திருவிழா நடக்கிறது. ஒரு மாயம் போட்ட கடன் எத்தனை பேர் தலையில் விடிகிறது என்று எண்ணிப்பாருங்கள்.

அறிவியல் புனைகதைக்கு வந்தால், விஞ்ஞானி பாடம் நடத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறுகிறவர் பக்கத்து சீட்டுக்காரருக்கு டீசல் இன்ஜின் ஓடும் விதத்தை விளக்குவதில்லை.

இடைஞ்சலாக இருக்கும் உண்மையைத் தூக்கி எறிவது அதைவிடப் பெரிய நஷ்டம். செவ்வாயில் வேலை பார்க்கும் மகன் திருமங்கலத்தில் இருக்கும் தாயோடு வளவளவென்று போனில் பேசுகிற கதை ஒன்று வந்தது. பூமியும் செவ்வாயும் இருக்கும் தூரத்தைப் பொறுத்து, ஒரு வார்த்தை போய்ச்சேரவே ஏறக்குறைய 3 முதல் 22 நிமிடங்கள் வரை ஆகும். "சாப்பிட்டாயா?" என்று தாய் கேட்டு, அடுப்பை அணைத்து, பாத்திரம் கழுவி, வாசல் தெளித்து முடித்த பிறகு "சாப்பிட்டேன்" என்று வரும். அந்த முக்கால் மணி நேரம்தான் கதை. எழுதியவர் அதை வெட்டிவிட்டு, வேற்றுக்கிரகவாசிகளுடன் ஒரு சண்டையைச் சேர்த்திருந்தார்.

காலப்பயணக் கதைகள் கீழடி பேசப்பட ஆரம்பித்ததிலிருந்து எங்களுக்கு வந்து குவிகின்றன. ஒன்றில் கதாநாயகன் 2,600 ஆண்டுகள் பின்னால் போய் இறங்கியதும் ஒரு வீட்டில் மிளகாய் கிள்ளிப்போட்டுக் குழம்பு ஊற்றினார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்து இறங்கி ஐந்நூறு ஆண்டுகள்தான் ஆகின்றன. மிளகை இடித்துப் போட்டிருந்தால் நானும் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். போதாக்குறைக்கு, அந்த வீட்டுப் பானையில் கீறியிருந்த தமிழி என்ற பழங்காலத் தமிழ் எழுத்தை நம்மாள் விளம்பரப் பலகையைப் போலப் படித்துவிட்டார்.

எல்லாம் கனவு என்று முடிப்பதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. முடிக்காதீர்கள்.

நிலவை மறந்தவர் இரண்டு மாதம் கழித்துக் கதையைத் திருத்திக்கொண்டு வந்தார். அதே சந்து, அதே கத்திக்குத்து. சந்தில் இப்போது பால் போல வெளிச்சம். கொலையை நேரில் பார்த்த ஒருவன் மூன்றாம் பக்கத்தில் போலீஸிடம், "ஒரே இருட்டு ஐயா, முகம் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறான். ஒன்பதாம் பக்கம் வரை எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை, அந்த அம்மாவைத் தவிர.