நகையை அடகு வைக்குமுன் கல்விக்கடனைக் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் ரப்பர் பால் வெட்டுகிறவர், குளச்சல் மீனவர் வீட்டம்மா, கணவர் கல்ஃபில் இருக்கிறவர் என்று கூட்டம் சேரும். பாதிப்பேர் நகையை அடகு வைத்த பிறகுதான் கல்விக்கடன் பற்றிக் கேட்பார்கள். சீட் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம், மே மாதமே காகிதங்களைச் சரிசெய்யத் தொடங்குங்கள்.

முதல் சிக்கல் பெயர். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் வேறொன்று. "மக்ளே, ரெண்டும் ஒரே ஆள்தானே" என்றால் வங்கி கேட்காது. மாணவர், பெற்றோர் இருவரின் ஆதார், பான் கார்டு, மார்க் ஷீட் எல்லாவற்றிலும் இனிஷியல்வரை ஒத்துப்போக வேண்டும். அப்பா வெளிநாட்டில் இருந்தால் அம்மாவும் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திடலாம். கையெழுத்திடுகிறவர் பெயரில் பழைய பாக்கி இருந்தால் சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் தெரிந்துவிடும், அதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

அடுத்து வருமானச் சான்று. இ-சேவையில் போட்டால் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) கடந்து தாசில்தாரிடம் போகும். இந்த ஒரு தாளில்தான் வட்டிச் சலுகையே இருக்கிறது. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற தொழில்நுட்ப, தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்லூரி என்றால் 8 லட்சம் வருமானம்வரை, 10 லட்சம் கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. மெரிட்டில் சேர்ந்திருக்க வேண்டும். கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணையைத் தொலைத்துவிடாதீர்கள்.

பெங்களூருக்கு நர்சிங் படிக்க அனுப்புகிறவர்கள், அட்வான்ஸ் கொடுக்குமுன் அந்தக் கல்லூரிக்கு நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜெண்ட் வாய்ச்சொல்லை வங்கி ஏற்காது.

சீட் கிடைத்ததும் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வாங்கி, வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்து, கிளைக்கு நேரிலும் போங்கள். 4 லட்சம்வரை ஜாமீனும் நம் பங்காகப் போடும் கைப்பணமும் வேண்டாம், 7.5 லட்சம் தாண்டினால் சொத்து ஜாமீன் கேட்கலாம். கட்டணம் நேரே கல்லூரிக் கணக்குக்குப் போகும். கட்டணத்தின் முதல் தவணையை நீங்களே கட்டியிருந்தால் ரசீதைக் காட்டி அந்தப் பணத்தைக் கேளுங்கள்.

"உங்கள் வீடு எங்கள் கிளை எல்லையில் இல்லை" என்று திருப்பி அனுப்பினால் மடங்கிவிடாதீர்கள். அதைக் காரணம் காட்டிக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே பல கிளைகளில் பேச்சு மாறும். அப்புறமும் நடக்கவில்லையா, நாகர்கோவிலில், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரிடம் மனுக் கொடுங்கள்.

திருப்பிக் கட்டுவது படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான். வட்டிச் சலுகை கிடைக்காதவர்களுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். 4 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் மாதம் 3,000 ரூபாய். முடிந்தால் படிக்கும்போதே அதைக் கட்டிவிடுங்கள். அப்படிக் கட்டுகிறவர்களுக்குப் பல வங்கிகள் வட்டியில் 1 சதவீதம் குறைக்கின்றன.