வேற்றுக்கிரகவாசியை வில்லனாக வைத்துத் திகில் படம்: வன்னியில் எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேற்றுக்கிரகவாசி பேயளவுக்குப் பயமுறுத்துமா என்று கேட்டால், பேயைவிடக் கூடுதலாகவே பயமுறுத்தும். அது திரையில் வந்து நின்றதும் சனம் சிரித்தால் பிழை பெரும்பாலும் உடுப்பில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. அதைப் பேயாக எழுதி வைத்திருப்பார்கள். முதல் தவறும் பெரிய தவறும் அதுதான்.

பேய்க்கு ஒரு காரணம் உண்டு. அநியாயமாகச் செத்திருக்கும், அல்லது ஆசை தீராமல் போயிருக்கும். காரணம் இருப்பதால் பரிகாரமும் இருக்கிறது: கழிப்புக் கழிக்கலாம், நூல் கட்டலாம், மடை பரவலாம், வைரவருக்கு நேர்த்தி வைக்கலாம். வேற்றுக்கிரகத்து உயிருக்கு எங்களோடு எந்தக் கோபமும் கிடையாது. நெல் வெட்டுகிற மெஷினுக்கு வரம்போரத்து எலிவளையோடு என்ன பகை? அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறது, வளை அழிகிறது. கெஞ்சவும் முடியாது, நேர்த்தி வைக்கவும் முடியாது என்ற அந்த நிலைதான் இந்த வகைப் படத்தின் திகில். அதற்குப் பழிவாங்கும் கதை கொடுத்தாலும், தமிழில் வசனம் பேச வைத்தாலும், பூமியைப் பிடிக்க வந்தோம் என்று அறிவிக்க வைத்தாலும் திகில் கரைந்துவிடும். வந்த நோக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். படத்தில் யாருக்கும் முழுதாகத் தெரியக்கூடாது.

இன்னொரு தடையையும் கணக்கில் எடுக்கவேண்டும். தமிழ்ப் படங்களில் இந்த விருந்தாளிகள் பயமுறுத்தியது குறைவு. 1963 இல் வந்த ‘கலை அரசி’யில் அவர்கள் பூமிக்கு வந்தது பாட்டுக்காரி ஒருத்தியைத் தங்கள் கிரகத்துக்குக் கொண்டுபோய் இசை படிக்க. 2024 இன் ‘அயலான்’ கதாநாயகனுக்குக் கூட்டாளி. ஆகவே பெரிய தலை, கறுத்த முட்டைக் கண், ஒல்லி உடம்பு என்ற உருவம் தெரிந்த உடனேயே பார்ப்பவர் சிரிக்கத் தயாராகிவிடுவார். அந்த உருவத்தைத் தொடவே வேண்டாம்.

வானத்தை விட்டுவிடுங்கள்

வன்னியில் எடுக்கிறவர்கள் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இது. வானத்தில் ஒரு வெளிச்சம், மேலே சுற்றுகிற ஓர் இரைச்சல், எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள் என்று கதையைத் தொடங்குவது உலகம் முழுவதும் பழகிய வழி. இங்கே அது வேலை செய்யாது. ‘வண்டு’ என்ற வேவு விமானம் சுற்றிய சத்தத்தையும் இரவில் சுடும் பரா வெளிச்சத்தையும் பார்த்து வளர்ந்த சனத்துக்கு வானத்து இரைச்சல் என்றால் அது 2009 இன் போர்தான். அவர்கள் உங்கள் படத்தை விட்டுவிட்டுத் தங்கள் பங்கருக்குள் போய்விடுவார்கள். அந்த நினைவைத் திகிலுக்குக் கூலியில்லாமல் எடுத்துக்கொள்வது நேர்மையும் இல்லை.

ஆளைத் தூக்கிக்கொண்டு போகும் கதையும் அப்படித்தான். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியிலிருந்து தாய்மார் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் இருந்தார்கள். அந்த மண்ணில் ‘ஒருவர் மறைந்தார், மூன்றாம் நாள் கண் வேறுமாதிரித் திரும்பி வந்தார்’ என்று எழுதுமுன் அந்த வரியை அந்தத் தாய்மாருக்கு முன்னால் படிக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதென்றால் கதையை மாற்றுங்கள்.

உயிரி எங்கிருந்தாவது வந்துதான் ஆகவேண்டும். வந்த காட்சியைக் காட்டாமலே விடலாம். அது ஏற்கனவே குளத்துக்கட்டுக்குப் பின்னால், பாலைக்காட்டுக்குள், பாவிக்காத கிணற்றுக்குள் இருக்கிறது என்று தொடங்குங்கள். தரையிலிருந்து வருகிற பயத்துக்கு வன்னியில் இடம் நிறைய இருக்கிறது.

முதலில் யானை என்றுதான் நினைப்பார்கள்

இரவில் தோட்டத்துக்குள் ஏதோ முறிகிற சத்தம் கேட்டால் ஒட்டுசுட்டானிலோ மாங்குளத்திலோ யாரும் வேற்றுக்கிரகம் என்று நினைக்கமாட்டார்கள். யானை, இல்லையென்றால் பன்றி, கரடி, அதுவும் இல்லையென்றால் களவுக்காரன். இந்த வரிசையைத் தாண்டிப் பாத்திரங்கள் பத்தாவது நொடியில் ‘இது மனுசன் செய்த வேலை இல்லை’ என்று சொன்னால் படம் அங்கேயே பொய்யாகிவிடும். வரிசையில் உள்ள ஒவ்வொரு விளக்கமும் பார்ப்பவரின் கண்முன் தோற்கவேண்டும். ஒவ்வொன்று தோற்கும்போதும் பயம் ஒரு படி ஏறும்.

யானையின் முன்கால் தடத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் அதன் தோள் உயரம் ஏறக்குறைய வரும். ஒரு காட்சியை இதை வைத்தே கட்டலாம். விடிய வயலுக்கு வந்தவர் வாழைக்குற்றிக்குப் பக்கத்தில் தடத்தைக் காண்கிறார். நார்க்கயிற்றைத் தடத்தின் விளிம்போடு வைத்துச் சுற்றுகிறார், முடிச்சுப் போட்ட இடத்தை மண்வெட்டிப் பிடியில் வைத்து அளக்கிறார், இரட்டிக்கிறார். திரும்பவும் அளக்கிறார்.

“அண்ணை, எத்தினை அடி?”

“கயிறு பிழை போல. நீ ஒருக்காப் பிடி.”

தம்பி பிடிக்கிறான். அதே அளவு. பிறகுதான் இருவரும் கவனிக்கிறார்கள்: தடம் உள்ளே வருகிறது, வெளியே போகவில்லை. உடுப்பும் இல்லை, கிராபிக்ஸும் இல்லை, இரண்டு நடிகரும் ஒரு கயிறும் போதும். யானைவெடி கொளுத்தியும் சத்தம் நிற்காமல் கிட்ட வருவது அடுத்த படி.

எப்போது காட்டுவது, எவ்வளவு

1979 இன் ‘ஏலியன்’ படத்தில் முழுதாக வளர்ந்த உயிரி முதல் ஒரு மணி நேரத்தில் வருவதேயில்லை. உடுப்புக்குள் இருந்த பொலாஜி படேஜோ ஆறே முக்கால் அடிக்கு மேல் உயரமானவர். உள்ளே மனிதன் இருப்பது கண்ணுக்குப் பிடிபடாமல் இருக்கவே அப்படி ஓர் ஆளைத் தேடி எடுத்தார்கள். பன்னிரண்டு நிமிடக் குறும்படத்துக்கு இதைச் சுருக்கினால், முதல் அறிகுறி ஒன்றரை நிமிடத்துக்குள் வரட்டும், உடம்பின் ஒரு பகுதி ஏழாவது நிமிடத்துக்கு முன் வேண்டாம், முழு உருவம் இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். மனிதக் கையின் விகிதம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். முழங்கைக்குக் கீழே பி.வி.சி குழாய் கட்டி நீட்டுங்கள். நடிகர் குந்தியிருந்து பக்கவாட்டில் நகரட்டும். நேராக நிமிர்ந்து நடந்தால் எந்த உடுப்பும் மனிதன்தான்.

தோலுக்குத் தென்னம் பன்னாடையை ஊறவைத்து அடுக்கடுக்காக ஒட்டினால், பின்னால் வெளிச்சம் விழும்போது நரம்போடிய சவ்வு மாதிரித் தெரியும். ஈரப்பளபளப்புக்குக் கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி. வழும்புக்கு ஜெலற்றின் பாவிப்பதுதான் அடிக்கடி நடக்கும் பிழை: 35 பாகையளவில் அது உருகத் தொடங்கும், வன்னி வெயிலில் மத்தியானத்துக்குள் தண்ணீராகிவிடும். அகார் என்கிற கடற்பாசித்தூள் 85 பாகையை நெருங்கினால்தான் உருகும். ஒரு லீற்றருக்கு 5 கிராம் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறி இறுகியதும் மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றினால் நாள் முழுக்க நிற்கும். இறப்பர் உடுப்பென்றால் நடிகரைக் கால் மணி நேரத்துக்கு மேல் உள்ளே வைத்திருக்காதீர்கள். ஆவணி வெயிலில் மயங்கி விழுவார்.

இருட்டென்பது வெளிச்சமில்லாமை அல்ல

நடு இரவில் போனை நீட்டினால் கிடைப்பது இருட்டல்ல, புள்ளி புள்ளியான சாம்பல். சூரியன் மறைந்த பிறகு எங்கள் பக்கத்தில் பாவிக்கக்கூடிய வெளிச்சம் இருபது நிமிடமளவுதான் நிற்கும். இரவுக்காட்சியின் அகலமான ஷொட்டுகளை அதற்குள் எடுங்கள், கமராவின் வைற் பலன்சை (நிறச் சமநிலையை) 3200 கெல்வினில் வைத்தால் நீலம் தானாக வரும். ஒத்திகையை நாலரைக்கே முடித்துவிட வேண்டும். முகத்துக்குக் கிட்ட எடுக்கும் காட்சிகளை இருண்ட பிறகு நடிகர் கையிலுள்ள ரோச் லைற்றாலேயே எடுக்கலாம், கண்ணாடியில் வெள்ளை ரிசுப்பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டினால் முகம் வெளிறாது. மின்சாரம் 50 ஹேட்ஸ் என்பதால் நொடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50. இதை மாற்றினால் வீட்டு லைற் படத்தில் துடிக்கும்.

இடம் பார்க்கும்போது கண்ணிவெடியை எச்சரிக்கும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை கண்ட காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். பலகை இல்லாத இடத்திலும் ஊராரையும் கிராம சேவையாளரையும் கேட்காமல் இறங்கவேண்டாம். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதியும் வேண்டும்.

பலவீனம் கடைசியில் முளைக்கக்கூடாது

2002 இன் ‘சைன்ஸ்’ படத்து உயிர்களுக்குத் தண்ணீர் நஞ்சு. முக்கால்வாசி கடலான கிரகத்துக்கு அவை ஏன் வந்தன என்று சனம் இன்றுவரை கேட்கிறது. குளமும் வாய்க்காலும் மாரி மழையும் உள்ள ஊரில் அதே முடிவை வைத்தால் கேள்வி இன்னும் பலமாக வரும். எந்தப் பலவீனமானாலும் படத்தின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் சாதாரண விசயமாகக் கண்ணில் பட்டிருக்க வேண்டும். உயிரிக்கு உப்பு ஆகாதென்றால், ஆனையிறவு உப்பு மூட்டை முதல் காட்சியிலேயே திண்ணையில் கிடக்கட்டும், அதைப் பற்றி ஒருவரும் பேசவேண்டாம். கொழும்பிலிருந்து பேராசிரியர் வந்து விளக்குவது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒளியாண்டைக் காலமாகச் சொல்லும் வசனம் அந்தக் காட்சியில்தான் வரும். ஒளியாண்டு தூரத்தின் அளவு.

சத்தத்தில் படம் பாதி

பயத்துக்கு மிக மலிவான கருவி காட்டுச் சத்தத்தை எடுத்துவிடுவது. ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டினால் ஸ்பீக்கர் பழுதென்று நினைப்பார்கள். முதலில் தவளை நிற்கட்டும், மூன்று நான்கு நொடி கழித்துச் சில்வண்டு, மெல்லிய காற்று மட்டும் அடியில் ஓடட்டும். இரவில் ஆள் நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் ஆட்காட்டிக் குருவி தூரத்தில் கத்தி, கத்தலின் நடுவிலேயே நின்றால் வன்னியில் இருக்கும் எவருக்கும் விளங்கும். இதற்காக எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஆள் பேச்சில்லாத இரண்டு நிமிடச் சத்தத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள்.

உயிரியின் குரலுக்கு மனிதக் குரலைத் தடிப்பாக்குவது உடனே பிடிபடும். காய்ந்த காவோலையைச் சிமெந்துத் தரையில் இழுத்து 96 கிலோஹேட்ஸில் பதிந்து பாதி வேகத்தில் ஓடவிடுங்கள், மேல்சுருதி மங்காமல் ஒரு ஸ்தாயி இறங்கும். அடியில் உறுமலாக 40 ஹேட்ஸ் மட்டும் வைத்தால் போனில் பார்ப்பவருக்கு ஒன்றுமே கேட்காது, போன் ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த சத்தத்தைத் தரமுடியாது. அதே உறுமலை 200 முதல் 400 ஹேட்ஸ் வரையிலும் இன்னொரு அடுக்காகச் சேருங்கள். வெளியிடுமுன் ஹெட்போன் இல்லாமல், மின்விசிறி ஓடுகிற அறையில், விலை குறைந்த ஒரு போனில் போட்டுக் கேட்டுப்பாருங்கள். அங்கே கேட்காத சத்தத்தைத் திரும்பக் கலக்க வேண்டும்.