மூன்று மாத்திரையும் ஒரே வாயில்

தக்கலைப் பக்கம் எங்கள் கர்ப்பிணிகள் ஓ.பி.யில், புதிதாக வந்த சிஸ்டர் ஒருத்தி மாத்திரைகளை நீட்டி, "மறந்துபோகும் அக்கா, எல்லாத்தையும் காலையிலயே ஒண்ணா போட்டிருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பல வருஷத்துக்கு முன் இதையே, இதே அக்கறையோடு சொன்னவள் நான். கர்ப்பிணிகளின் ஹார்மோன் விஷயத்தில் நம்மைப் போன்ற சிஸ்டர்கள் தவறவிடும் இடங்களை இங்கே எழுதுகிறேன்.

தைராக்ஸினோடு சத்து மாத்திரை

அன்று நான் அப்படிச் சொன்ன கடற்கரை ஊர்ப் பிள்ளை, கர்ப்பத்துக்கு முன்பிருந்தே தைராய்டு மாத்திரையான தைராக்ஸின் போடுகிறவள். மூன்றாம் மாதம் டி.எஸ்.எச். 2.1, நல்ல அளவு. (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இது; உடம்பில் தைராக்ஸின் குறைந்தால் இது ஏறும்.) நாலாம் மாதம் இரும்புச்சத்தும் கால்சியமும் கொடுத்தோம். ஐந்தாம் மாதம் 8.6. "மாசமா இருந்தா ஏறத்தான் செய்யும்" என்று டோஸைக் கூட்டினார்கள். அது பாதி உண்மை. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது ரத்தத்தில் தைராக்ஸினைச் சுமக்கும் புரதமும் கூடும். மாத்திரைத் தேவை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறலாம். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கூட்டியும் இறங்கவில்லை. கடைசியில் மூத்த டாக்டரம்மா ஒருவர் கேட்டார்: "மக்களே, மாத்திரைய எப்பிடிப் போடுதே?" அவள் என்னைக் கைகாட்டினாள்.

இரும்பும் கால்சியமும் குடலிலேயே தைராக்ஸினைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சேர விடாது. சிசுவின் தைராய்டு 12 வாரம்போலத்தான் வேலையைத் தொடங்கும். 18, 20 வாரம் வரை அதன் மூளை வளர்ச்சிக்குப் பெரும்பாலும் அம்மாவின் ஹார்மோன்தான். அந்த வாரங்களில்தான் நான் கைவைத்தேன். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

விடிந்ததும் வெறும் வயிற்றில் தைராக்ஸின், வெறும் தண்ணீரோடு. சாயா அரை மணி நேரம் கழித்து. இரும்பும் கால்சியமும் 4 மணி நேரமாவது தள்ளி, அவையும் தனித்தனி வேளையில். "சரியாப் போடுதீங்களா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமா என்பார்கள். கவரை எடுத்து, எந்த மாத்திரை எந்நேரம் என்று அவர்களே காட்டட்டும். டோஸ் கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு.

கர்ப்பம் என்றதும் தைராய்டு மாத்திரையை நிறுத்துவது

கூடாது.

லேப் தாளின் ஓரத்து எண்

ரிசல்டுக்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் கர்ப்பமில்லாதவர்களுக்கான அளவு. முதல் மூன்று மாதம் கர்ப்ப ஹார்மோனான எச்.சி.ஜி. தைராய்டையும் தூண்டுவதால் டி.எஸ்.எச். தானாகவே இறங்கும், வாந்தி அதிகமென்றால் இன்னும் இறங்கலாம். அளவுக்கு வெளியே என்று தடித்த எழுத்தில் வந்ததைப் பார்த்து அவளைப் பயமுறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

"சர்க்கரை போன தடவை நார்மல்"

நஞ்சுக்கொடி வளர வளர அதன் ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தும். 24 முதல் 28 வாரத்துக்குள் திரும்பப் பார்க்கவேண்டும்: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரை 140 அல்லது மேலே என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. இந்தச் சோதனைக்கு வெறும் வயிறு அவசியமில்லை. மரச்சீனியும் மீன்கறியும் தின்றுவிட்டுப் பேச்சிப்பாறையிலிருந்து பஸ் ஏறி வந்தவளை "நாளைக்கு வெறும் வயித்தோட வா" என்று அனுப்பினால், அவள் அடுத்த மாதம்தான் வருவாள்.

புரோலாக்டின்

பால் சுரக்க வைக்கும் இந்த ஹார்மோன் கர்ப்பத்தில் ஏறித்தான் இருக்கும். இந்த டெஸ்டை எழுதாதீர்கள்.

பேறு முடிந்த பிறகு

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும், இன்சுலின் ஊசி போடுகிறவளுக்கு அதன் தேவை சட்டென்று விழும். பழைய அளவையே போட்டால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிடுவாள். தைராக்ஸினும் பொதுவாகப் பழைய டோஸுக்குத் திரும்பும். ஆறாவது வாரம் டி.எஸ்.எச். பார்க்கும் தேதியை வீட்டுக்கு அனுப்பும் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போனவளுக்குத் தன் கழுத்து நினைவிருக்காது.