சட்னி ஊற்றும் இயந்திரத்துக்குக் காப்புரிமை: மனுச் செய்யுமுன் சரிபார்க்க வேண்டியவை

சுங்கை சிப்புட்டைப் போன்ற தோட்டப்புற நகரம் ஒன்றில் விடியற்காலையில் திறக்கும் ஒட்டுக்கடையில் சற்று நேரம் நின்று கவனித்தால், கல்லில் தோசை வார்ப்பவரைவிடத் தட்டில் பருப்புக் கறியையும் தேங்காய்ச் சட்னியையும் சம்பலையும் அளந்து ஊற்றுபவருக்கே கை ஓய்வதில்லை என்பது தெரியும். அந்தக் கரண்டி வேலையை இயந்திரத்திடம் விட்டுவிடலாமே என்ற எண்ணம், செம்பனை ஆலையில் பம்பும் வால்வுமாகப் பழகிய ஒரு ஃபிட்டருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை. பட்டறையில் அப்படி ஒன்றைச் செய்து ஓடவிட்டவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, இதற்குக் காப்புரிமை கிடைக்குமா என்பதுதான். கிடைக்கக்கூடும், ஆனால் 'சட்னி ஊற்றும் இயந்திரம்' என்ற அளவில் மனுச் செய்தால் அநேகமாகக் கிடைக்காது.

மலேசியாவில் இதை ஆள்வது 1983ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம். 1986 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள இச்சட்டத்தை மைஐபிஓ எனப்படும் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகம் நிர்வகிக்கிறது. தொழில்நுட்பத் துறையில் குறிப்பிட்ட ஒரு சிக்கலை நடைமுறையில் தீர்க்க வழிசெய்யும் எண்ணமே கண்டுபிடிப்பு என்று அதன் 12ஆம் பிரிவு கூறுகிறது. ஆகவே முதல் வேலையாக, உங்கள் இயந்திரம் தீர்த்த சிக்கலை ஒரே வாக்கியத்தில் தாளில் எழுதுங்கள். 'ஆள் இல்லாமல் சட்னி ஊற்ற வேண்டும்' என்பது கடைக்காரரின் ஆசை. 'தாளித்த கடுகு, வால்வு மூடும்போது பதியும் இருக்கையில் சிக்கி வால்வு முழுதாக மூடாமல் போவதால், தட்டுக்குத் தட்டு அளவு மாறுகிறது' என்பதுதான் சட்டம் எதிர்பார்க்கும் வகையான சிக்கல். காலையில் நீர்த்திருக்கும் பருப்புக் கறி பத்து மணிக்குள் இறுகிவிடுவதும், சம்பலின் எண்ணெய் மேலே மிதந்து முதல் பத்துத் தட்டுக்கு எண்ணெயாகவும் அடுத்த பத்துக்கு வெறும் விழுதாகவும் வருவதும் அதே வகையைச் சேர்ந்தவை.

காப்புரிமைக்கு மூன்று தகுதிகள் வேண்டும்: புதுமை, கண்டுபிடிப்புத் திறன், தொழில்துறைப் பயன். கடையில் வைத்து ஓட்டக்கூடிய இயந்திரத்துக்கு மூன்றாவதில் தொல்லை இராது. வணிகத் திட்டங்களையும் வணிக முறைகளையும் 13ஆம் பிரிவு விலக்குகிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். இரண்டு கரண்டிச் சட்னி இலவசம், மூன்றாவதற்கு இருபது சென் என்று கணக்குப் போடும் ஏற்பாட்டுக்கு இங்கே இடமில்லை. சம்பலின் பக்குவத்தையும் இதில் சேர்க்க வேண்டாம். மனு பின்னால் வெளியிடப்படும் என்பதால், அம்மாவின் கைப்பக்குவம் வீட்டோடு இருப்பதே நல்லது.

புதுமை என்றால் உலகம் முழுவதற்கும் புதுமை. எழுத்திலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ எந்த நாட்டில் முன்பே வெளிப்பட்டிருந்தாலும் அது உங்களுக்கு எதிராக நிற்கும் என்பதால், 'ஈப்போ வரை தேடிவிட்டேன், ஒருவரிடமும் இல்லை' என்பது வாதமாகாது. காலாவதியான காப்புரிமைகூடத் தடைதான். மைஐபிஓவின் இணையத் தேடலோடு எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப் ஆகிய இலவசத் தளங்களிலும் தேடுங்கள். சட்னி என்று தேடினால் சொற்பமே கிட்டும். கெட்சப், சாஸ், விழுது என்று தேடுவதோடு, பசை, கிரீஸ், கேக் மேல் இடும் கிரீம் ஆகியவற்றை அளந்து வெளியேற்றும் கருவிகளையும் பாருங்கள், ஏனெனில் உள்ளே இருக்கும் பொறி ஒன்றேதான். காப்புரிமைகளைத் துறைவாரியாகப் பிரிக்கும் பன்னாட்டு வகைப்பாட்டில் சமையலறைக் கொள்கலன்களுக்கான ஏ47ஜே 47, திரவம் வழங்கும் கருவிகளுக்கான பி67டி, குறித்த அளவைத் திரும்பத் திரும்ப அளந்து தருவதற்கான ஜி01எஃப் 11, காசு போட்டால் திரவம் தரும் இயந்திரங்களுக்கான ஜி07எஃப் 13 ஆகிய பிரிவுகளில் தொடங்கலாம். தலைப்பைப் பார்த்து ஒதுக்காமல், எதற்கு உரிமை கேட்கப்படுகிறது என்று வரையறுக்கும் பகுதியான உரிமைக்கோரலையும் வரைபடத்தையும் படியுங்கள். உங்கள் இயந்திரத்தின் கூறுகளை வரிவரியாக எழுதி, எந்த ஆவணத்தில் எது இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தால், எங்கும் குறி விழாத வரி கடைசியில் தனியே தெரியும்.

தேடலில் தப்பியவர்கள் பலர் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்வதும் உண்டு. கோயில் திருவிழா அன்னதானத்தில் இயந்திரத்தை ஓட்டிக் காட்டுவதும், மூடியைத் திறந்து உட்புறத்தைக் காணொளி எடுத்து முகநூலில் போடுவதும் சட்டத்தின் பார்வையில் வெளிப்பாடுகளே. மனுத் தேதிக்கு முந்தைய ஓராண்டுக்குள் நீங்களே செய்த வெளிப்பாட்டை மலேசியச் சட்டம் பொறுத்துக்கொள்கிறது. ஐரோப்பாவிலோ அத்தகைய பொதுச் சலுகை கிடையாது. வெல்டிங் செய்து தரும் பட்டறையிடம் இரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கக் கூச்சப்பட வேண்டாம், அவர் சொந்த மைத்துனராகவே இருந்தாலும்.

உண்மையான போராட்டம் கண்டுபிடிப்புத் திறனில்தான். அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவருக்கு, முன்பே தெரிந்தவற்றைப் பார்த்தவுடன் இது எளிதில் தோன்றியிருக்குமா என்று ஆய்வு அதிகாரி கேட்பார். கடையில் வாங்கிய பம்பு, நேரம் குறிக்கும் மின்பலகை, தட்டு வந்ததை உணரும் உணரி ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் பூட்டி, ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்தால், அதைக் கண்டுபிடிப்பென்று ஏற்கச் செய்வது கடினம். சொட்டு விழாதிருக்க ஊற்றி முடித்ததும் பம்பைச் சற்றுப் பின்னோக்கிச் சுழற்றுவது, நிரப்பும் இயந்திரங்களில் பழகிய உத்தி. குழாயை உருளைகளால் பிதுக்கித் தள்ளும் பம்பு மருத்துவமனைகளில் இரத்தச் சுத்திகரிப்புக்கே பயன்படுகிறது. சுத்தம் கருதி அதையே சட்னிக்கு வைத்தது புத்திசாலித்தனம்தான் என்றாலும் அது மட்டும் போதாது.

எடுத்துக்காட்டாக ஒன்றைப் பார்ப்போம். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைக் கொண்டு பருப்புக் கறி எவ்வளவு இறுகியிருக்கிறது என்று கணித்து, அதற்கேற்ப ஓடும் நேரத்தைக் கூட்டுகிறது ஓர் இயந்திரம். பொருள் இறுகினால் மோட்டாருக்குச் சுமை ஏறும் என்பது எந்த ஃபிட்டருக்கும் தெரிந்ததே. ஆனால் கறிவேப்பிலை குழாய் முனையில் அடைத்துக்கொண்டாலும் மின்னோட்டம் அதேபோல் ஏறுவதால், இயந்திரம் ஏமாந்து தேவைக்கு மேல் ஓடிவிடுகிறது. இதைத் தீர்க்க, ஊற்றுமுன் பம்பை ஒரு கணம் பின்னோக்கி ஓட்டி, இருதிசை மின்னோட்டத்தின் வேறுபாட்டைக் கொண்டு, இது இறுக்கமா அடைப்பா என்று பிரித்தறியும்படி செய்ததாக வைத்துக்கொள்வோம். பின்னோட்டமும் பழையது, மின்னோட்ட அளவீடும் பழையது. இரண்டும் சேர்ந்து தரும் தகவலோ தனித்தனியாக எதிலும் கிடைக்காதது. வாதாட இடம் அங்கேதான் இருக்கிறது. இதற்குச் சான்றாக, மாற்றத்துக்கு முன் நூறு தட்டு, பின் நூறு தட்டு என்று தராசில் நிறுத்து, தேதியுடன் நோட்டுப் புத்தகத்தில் குறித்து வையுங்கள். 'மிகவும் சிறந்தது' என்று பத்து முறை எழுதுவதைவிட அந்த இரண்டு பக்கக் கணக்கு உதவும்.

அவ்வளவு தூரம் வாதாட முடியாது என்று தோன்றினால் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்ற வழி இருக்கிறது. தெரிந்த பொருளில் செய்த புதிய மேம்பாடும் அதில் அடங்கும். புதுமை வேண்டும், கண்டுபிடிப்புத் திறன் வேண்டியதில்லை. அதற்கு ஈடாக ஒரே ஓர் உரிமைக்கோரலுக்குத்தான் இடம். காப்புரிமை மனுத் தேதியிலிருந்து 20 ஆண்டு நிற்கும். சான்றிதழ் 10 ஆண்டு நிற்கும், உள்நாட்டில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டி ஐந்தைந்து ஆண்டாக இருமுறை நீட்டிக்கலாம். ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. சிறிய பட்டறைக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து.

உரிமைக்கோரலில் 'தேங்காய்ச் சட்னி' என்று எழுதினால் சம்பல் ஊற்றுபவர் தப்பித்துக்கொள்வார். 'துகள் கலந்த, பாயும் தன்மையுள்ள உணவுப்பொருள்' என்று எழுதுங்கள். மூன்று பாத்திரம், எவர்சில்வர் உடல் போன்ற தற்செயலான விவரங்களையும் அங்கே நுழைக்க வேண்டாம். அவற்றை விளக்கவுரையில் தாராளமாகச் சொல்லலாம். தேர்ச்சியுள்ள ஒருவர் படித்து அப்படியே செய்யும் அளவுக்கு விளக்கவுரை முழுமையாக இருக்க வேண்டும், ஏனெனில் முதலில் சொல்லாத புதுச் செய்தியைப் பின்னால் சேர்க்க முடியாது. மனு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். மலேசியாவில் வசிப்பவர் தாமே மனுச் செய்யலாம் என்றாலும், உரிமைக்கோரலையாவது பதிவுபெற்ற காப்புரிமை முகவரிடம் காட்டுவது செலவுக்குத் தகும்.

தோட்டப்புறத்தில் மறந்துவிடக் கூடாத ஒன்று 20ஆம் பிரிவு. புதியன கண்டுபிடிப்பது உங்கள் வேலையில் அடங்காவிட்டாலும், முதலாளி உங்களிடம் விட்டிருக்கும் கருவிகளையோ தகவல்களையோ கொண்டு அவருடைய தொழில் சார்ந்த கண்டுபிடிப்பைச் செய்தால், மாறான ஒப்பந்தம் இல்லாதவரை உரிமை அவரைச் சேரும். உங்களுக்கு நியாயமான ஊதியம் கேட்கும் உரிமை உண்டு. செம்பனை ஆலைக்கும் சட்னிக்கும் தொடர்பில்லை என்று வாதிடலாம்தான். ஆனாலும் ஆலையின் கடைசல் இயந்திரத்தை ஓய்வு நேரத்தில்கூடத் தொடாமல், வெளியே காசு கொடுத்து வேலையை முடித்துப் பற்றுச்சீட்டை வைத்திருப்பது வழக்கைவிட மலிவு.

மனுக் கொடுத்தபின், முழு ஆய்வுக்கான கோரிக்கையை 18 மாதத்துக்குள் தனியாகக் கொடுக்க வேண்டும். தானாக நடக்கும் என்று காத்திருந்தால் மனு கைவிட்டுப் போகும். சிங்கப்பூரிலோ தமிழ்நாட்டிலோ விற்கும் எண்ணம் இருந்தால், தொழிற்சொத்து பற்றிய பாரிஸ் உடன்படிக்கையின்படி முதல் மனுவிலிருந்து 12 மாதத்துக்குள் வெளிநாட்டு மனுக்களையோ, ஒரே மனுவால் பல நாடுகளில் காப்புரிமை கோர வழிசெய்யும், 2006 முதல் மலேசியாவும் சேர்ந்துள்ள காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியான மனுவையோ செய்யலாம். ஆனால் காப்புரிமைப் பதிவாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் இங்கு வசிப்பவர் முதல் மனுவை வெளிநாட்டில் செய்வது குற்றம். இங்கே மனுச் செய்து இரண்டு மாதம் கழிந்து, பதிவாளர் தடை எதுவும் விதிக்கவில்லை என்றால்தான் அனுமதியின்றி வெளியே போகலாம்.